ஜன்னல் இல்லாத அறையில் இரண்டாவது கட்டில்

பிப்ரவரி 4

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லையே. ஆபீஸில் நாள் முழுக்கப் போனில் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தும் பேச முடியவில்லையாம், உங்கள் மகள் சொன்னாள். கல்யாணம் ஆனதிலிருந்து இரண்டு வருஷமாக இதையேதான் சொல்கிறாள். நானும் நம்புகிற மாதிரி தலையாட்டுகிறேன். அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் கப்பலில் போகப் போகிறேன். ஒரு வாரம் கடலைச் சுற்றிக் காட்டிவிட்டு, ஏறின இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிடுகிற உல்லாசக் கப்பல். என் தையல் மெஷின் கடையில் சுவரைப் பார்த்துத்தான் நிற்கிறது. அதனால் நானும் இத்தனை வருஷமாகச் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்களோ, “கப்பலுக்குப் போறோம், இடுப்பைக் கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க” என்று துணி கொண்டுவருகிறார்கள். திரும்பி வந்ததும் அதே இடுப்பைத் தளர்த்தித் தரச் சொல்கிறார்கள். அப்படி என்னதான் சாப்பாடு போடுகிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும்.

எதிர்ப்பக்கத்து டிராவல்ஸில் விசாரித்தேன். இருப்பதிலேயே மலிவு, கப்பலின் உள்பக்கத்து அறை. ஜன்னல் கிடையாது. அதிலும் இந்த அறைதான் வேண்டும் என்று நாம் கேட்கக்கூடாது. அறை நிச்சயம் உண்டு, எது என்பதைக் கம்பெனிக்காரர்கள் தங்கள் வசதிக்குப் பார்த்துக் கடைசியில் சொல்வார்கள். சரி என்றேன். அப்புறம்தான் அந்தப் பெண் மெதுவாக, “ஒரு ஆள் போனாலும் ரெண்டு கட்டிலுக்கும் சேத்துதாம்மா கட்டணும்” என்றாள். ஆள் படுக்காத கட்டிலுக்கு எதற்குத் தண்டம் அழ வேண்டும்? எனக்கு வயிறு எரிந்தது.

என் தங்கைக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. பக்கத்துச் சலவைக்கடைக்காரியால் கடையை விட்டு வர முடியாது. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, “ரெண்டாவது ஆள் பேரு?” என்று கேட்டாள். வாய் தானாக உங்கள் பெயரைச் சொல்லிவிட்டது. முன்பணமும் கட்டியாயிற்று. ஜூன் மாதம் கிளம்புகிறோம். லீவு சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி, தையற்கடையிலிருந்து


பிப்ரவரி 13

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. நான் வரவில்லை.

என்னைக் கேட்காமல் என் பெயரைக் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு ஆச்சரியமில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள், “இஸ்திரி போட்டுத் தர்றேன்” என்று சொல்லி என் மகளின் கல்யாண உடையை வாங்கிக்கொண்டு போனீர்கள். எனக்குத் தையல் தெரியாது. அந்த ஒரு உடைக்காகவே கற்றுக்கொண்டு, டியூட்டி முடிந்து வந்து, மாதக்கணக்கில் கையாலேயே தைத்தேன். மறுநாள் அவள் அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது இரண்டு தோளிலும் என் தையல் இல்லை. நான் இடக்கைக்காரி, என் தையல் ஒரு பக்கமாகச் சாயும். அங்கே ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி மெஷின் தையல் ஓடியது. “தோள் எவ்ளோ கச்சிதமா இருக்கு!” என்று எல்லாரும் சொன்னார்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். மகளுடைய கல்யாணத்தன்று வேறென்ன செய்ய முடியும்?

ஒரு வாரம், ஒரே அறையில், ஜன்னல் இல்லாமல், உங்களோடு. நான் லிஃப்ட் கம்பெனியில் அவசர போன் எடுப்பவள் என்பது உங்களுக்குத் தெரியும். ஜன்னல் இல்லாத பெட்டிக்குள் மாட்டிக்கொண்டவர்கள் என்ன பாடு படுகிறார்கள் என்று தினமும் காதால் கேட்கிறேன். காசு கொடுத்து அப்படி ஒரு பெட்டிக்குள் போய் உட்கார வேண்டும் என்று எனக்கு என்ன தலையெழுத்து?

பெயரை எடுத்துவிடுங்கள்.

தங்கள் சம்பந்தி


பிப்ரவரி 20

சம்பந்தியம்மா,

திட்டுவதற்காவது பேனாவை எடுத்தீர்களே, அதுவே எனக்குச் சந்தோஷம்.

தோள் இறங்கியிருந்தது. அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். கண்ணில் பட்டது, கை சும்மா இருக்கவில்லை. பஸ்ஸில் முன்னால் நிற்கிறவருடைய காலர் மடங்கியிருந்தால்கூட இழுத்துச் சரிசெய்துவிடுவேன். இதனால் நடுவழியில் இறங்க வேண்டி வந்ததும் உண்டு. என் பிறவிக்குணம் அது. உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துத்தான் செய்தேன். இரண்டு வருஷம் பேசாமல் இருக்கிற அளவுக்கு அது என்ன கொலைக்குற்றமா என்றுதான் இன்னமும் எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் பெயர் ஏன் வாயில் வந்தது என்று பிறகு யோசித்தேன். பிள்ளைகள் வீட்டுக்கு நான் வருகிறேன் என்றால் நீங்கள் கிளம்பிவிடுகிறீர்கள். போன மாதம் போனபோது மேஜையில் உங்கள் மூக்குக்கண்ணாடி கிடந்தது. உங்கள் தம்ளர் இன்னும் சூடாக இருந்தது. மருமகள் அதை எடுத்துக் கழுவப் போட்டாள். என் மகன்தான், “நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து ஒரு போட்டோகூட எங்ககிட்ட இல்லம்மா” என்றான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற பிள்ளைகள் நம் இருவருக்கும் தேதி பிரித்துக் கொடுத்துக்கொண்டு வாழ வேண்டுமா? எனக்கு அவமானமாக இருக்கிறது.

நடுக்கடலில் நீங்கள் கிளம்பிப் போக முடியாது. என் திட்டமே அவ்வளவுதான்.

பெயரை எடுக்க ஏப்ரல் கடைசி வரை நேரம் இருக்கிறதாம். நான் எடுக்கப் போவதில்லை.

உங்கள் சம்பந்தி


மார்ச் 3

சம்பந்தி அவர்களுக்கு,

வருகிறேன் என்று அர்த்தமில்லை. தெரிந்துகொள்வதற்காக மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் மெக்கானிக் ஒருவர் முன்பு கப்பல் லிஃப்டுகளில் வேலை பார்த்தவர். அவரிடம் விசாரித்தேன். நீங்கள் எடுத்திருக்கிற மாதிரி அறை எங்கே வேண்டுமானாலும் விழுமாம். ஆடுகிறவர்களின் கால் சத்தம் தலைக்கு மேலே கேட்கலாம், சமையலறைப் பாத்திரச் சத்தம் கீழே கேட்கலாம். “லிஃப்டுக்குப் பக்கத்துலயும் விழும், நிதானக்கா” என்று சொல்லிச் சிரித்தார். இங்கே எனக்கு அதுதான் பெயர். யார் எவ்வளவு கத்தினாலும் நான் குரலை உயர்த்துவதில்லை என்பதால் வைத்தது. உங்களிடம் நான் அப்படி இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

நேற்று ஒருவர் கையில் பிறந்தநாள் கேக்கோடு மாட்டிக்கொண்டார். லிஃப்டுக்குள் விளக்கும் போய்விட்டது. முதலில் அழுதார். பிறகு மனைவியைப் பற்றிப் பேசினார். பிறகு வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. கதவைத் திறந்தபோது பாதிக் கேக் இல்லையாம். எல்லாரிடமும் நான் சொல்வது ஒன்றுதான்: “பயப்படாதீங்க, ஆள் வந்துட்டிருக்காங்க.” வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம்.

அந்த அறையில் கதவை மூடிவிட்டால் எவ்வளவு இருட்டாக இருக்கும்? டிராவல்ஸ் பெண்ணுக்குத் தெரியுமா?

தங்கள் சம்பந்தி


மார்ச் 11

சம்பந்தியம்மா,

டிராவல்ஸ் பெண்ணுக்குத் தெரியவில்லை. “கப்பல்ல நான் ஏறினதே இல்லம்மா” என்கிறாள். ஆகவே நானே பரீட்சை செய்துவிட்டேன்.

கடைக்குப் பின்னால் துணி அடுக்கி வைக்கிற சின்ன அறை இருக்கிறது. ஜன்னல் கிடையாது. சலவைக்கடைக்காரியை வெளியே நிற்க வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். கையை மூக்குக்கு நேரே நீட்டினாலும் தெரியவில்லை. சரி, தெரிந்துகொண்டாயிற்று என்று கதவைத் திறக்கப் போனால் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. கூப்பிட்டேன். அந்த மகராசி கடையில் யாரோ வந்துவிட்டார்கள் என்று போய்விட்டிருக்கிறாள். உங்களை மாதிரி ஒருவரைக் கூப்பிட உள்ளே போனும் இல்லை.

என்ன செய்வது? துணி மூட்டைமேல் சாய்ந்தேன். தூங்கிவிட்டேன். கால்சட்டை வாங்க வந்த ஒருவர், கடையில் ஆளில்லையே என்று உள்ளே தேடி வந்து, குறட்டைச் சத்தம் கேட்டுத்தான் கதவை உடைத்தார். அவர் கால்சட்டை இன்னும் தைத்து முடிக்கவில்லை என்பது வேறு விஷயம். சம்பந்தியம்மா, அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கி எத்தனையோ காலமாயிற்று. ஜன்னல் இல்லாத அறையைப் பற்றி நீங்கள் கவலையே பட வேண்டாம்.

உங்கள் சம்பந்தி


மார்ச் 19

அன்புள்ள சம்பந்திக்கு,

கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்திருக்கக்கூடாது. சத்தமாகச் சிரித்துவிட்டேன். போனில் இருந்தவர், “நான் மாட்டிட்டிருக்கேன், நீங்க சிரிக்கிறீங்களா?” என்று கோபித்துக்கொண்டார்.

சிரிக்க வைத்துவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் காலமான பிறகு நான் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கியதில்லை. இருட்டில் கண்ணை மூடினால் வீட்டில் வேறு யாரும் இல்லை என்பது உடம்பு முழுக்கத் தெரிகிறது. எழுந்து உட்கார்ந்துவிடுவேன். மகளுக்கும் இது தெரியாது. பிள்ளைகள் வீட்டில் தங்கினால் ஹாலில் படுக்க வேண்டும். “வெளிச்சத்துல எப்படிம்மா தூங்குவே?” என்று அவள் அக்கறையாக விளக்கை அணைத்துவிடுவாள். அதனால்தான் சாயங்காலமே கிளம்பிவிடுகிறேன். பாதிக் காரணம் நீங்கள், பாதிக் காரணம் விளக்கு.

இன்னொன்று. தோள் இறங்கியிருந்தது எனக்கும் தெரியும். பிரித்துத் தைக்கத் தைரியம் வரவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே பிரித்து உங்கள் கையில் கொடுத்திருப்பேன். இரண்டு பேருமாக உட்கார்ந்து தைத்திருக்கலாம்.

ஆகவே கப்பலுக்கு வரவில்லை என்பதை இப்போது கோபமில்லாமல் சொல்கிறேன். சலவைக்கடையை ஒரு வாரம் யாராவது பார்த்துக்கொள்ள மாட்டார்களா? கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
சம்பந்தி


மார்ச் 24

சம்பந்தியம்மா!

இதற்குப் போயா இவ்வளவு தயங்கினீர்கள்? எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். கடிதத்தைப் படித்த கையோடு எதிர்ப்பக்கம் ஓடினேன். ஜன்னல் வைத்த அறைக்கு மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். கூடுதலாக ஆவதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் மூச்சு விடக்கூடாது. நிலா வெளிச்சம் வரும், கப்பல் விளக்கு வரும், உங்களுக்கு என்ன குறை?

அதோடு விடவில்லை. உங்கள் மகளுக்கும் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, ஹாலில் ஒரு சின்ன விளக்கு மாட்டச் சொல்லிவிட்டேன். இனிமேல் நீங்கள் சாயங்காலம் பையைத் தூக்க வேண்டியதில்லை.

இப்போது சந்தோஷம்தானே?

உங்கள் சம்பந்தி


மார்ச் 30

சம்பந்தி அவர்களுக்கு,

மகள் போன் செய்து அழுதாள். “ஏம்மா எங்கிட்ட சொல்லல? அத்தைகிட்ட சொல்லத் தெரிஞ்சுது, எங்கிட்ட சொல்லத் தெரியலையா?” என்றாள்.

யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொன்னேன். அதை எடுத்து வெட்டித் தைத்து, எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். நன்றாகத்தான் தைத்திருக்கிறீர்கள். ஆனால் அது என்னுடையது.

பெயரை எடுத்துவிடுங்கள். இனி கடிதம் வேண்டாம்.

தங்கள் சம்பந்தி


ஏப்ரல் 8

சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் வேண்டாம் என்றீர்கள். இது ஒன்றை மட்டும் படித்துவிடுங்கள். எழுதி எழுதிக் கிழித்ததில் கடைக்குப்பையில் துணியைவிடத் தாள் அதிகமாகிவிட்டது.

கல்யாண உடையில் நான் செய்தது இத்தனை நாள் எனக்கு உறைக்கவில்லை. உங்கள் மகள் அழுதாள் என்று படித்ததும் உறைத்தது. உங்களுக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, உங்களை ஒதுக்கிவிட்டுச் செய்திருக்கிறேன். என்னை மன்னியுங்கள்.

ஜன்னல் அறை இன்னும் உறுதியாகவில்லை. மாதக் கடைசிக்குள் சொன்னால் பழைய உள்அறையே கிடைக்குமாம். ஜன்னல் அறையே இருக்கட்டும் என்றாலும் சரி, உங்கள் பெயரை எடுத்துவிடச் சொன்னாலும் சரி. நான் எதையும் தொடவில்லை. டிராவல்ஸ் பெண், “என்னம்மா முடிவு?” என்றாள். “அவங்களைக் கேட்டுச் சொல்றேன்” என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

உங்களுக்கு எது வேண்டும்?

உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 19

சம்பந்திக்கு,

பதினைந்தாம் தேதி சாயங்காலம் பிள்ளைகள் வீட்டுக்குப் போனேன். பையை எடுத்தபோது மகள் வாசற்கதவுக்கு முன்னால் வந்து நின்றாள். தங்கினேன். ஹாலில் விளக்கு இருந்தது, கத்தரிப்பூ நிறத்தில், பார்க்கச் சகிக்கவில்லை. அவளும் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள். அவள் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தோம். அவளும் அவரை நினைத்துத் தூங்காமல் கிடந்திருக்கிறாள். எனக்கு அது தெரியவே தெரியாது.

உங்கள்மேல் கோபம் போகவில்லை. ஆனால் நன்றாகத் தூங்கினேன். இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் போலிருக்கிறது.

எனக்கு எது வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். உள்அறை வேண்டும். ஜன்னல் இல்லாதது. யோசித்துத்தான் சொல்கிறேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு ஆள் இருக்கும்போதாவது நான் விளக்கை அணைத்துப் பார்க்க வேண்டும். வீட்டில் தனியாக எனக்குத் துணிச்சல் வராது. மகளிடம் செய்து பார்த்தால் அவள் என்னைவிடப் பயப்படுவாள்.

ஆனால் ஒன்று. முதல் நாள் விளக்கு எரியும். ஒரு வாரமும் எரிந்தாலும் எரியும். எப்போது அணைப்பது என்பது என் இஷ்டம். அதுவரை ஸ்விட்ச் பக்கம் உங்கள் கை போகக்கூடாது. சம்மதமா?

லீவு கேட்டிருக்கிறேன்.

அன்புடன்,
சம்பந்தி


ஜூன் 3

அன்புள்ள சம்பந்தியம்மா,

சம்மதம் என்று அன்றே எழுதிவிட்டேன், இருந்தாலும் இன்னொரு தடவை சம்மதம்.

அறை எண் வந்துவிட்டது. கப்பல் படத்தில் டிராவல்ஸ் பெண் தேடிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். லிஃப்டை ஒட்டின அறை. மாற்றச் சொல்லிக் கேட்கட்டுமா என்று நாக்கு நுனிவரை வந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு ஆட்சேபணை இருந்தால் எழுதுங்கள்.

வழியனுப்பப் பிள்ளைகள் இரண்டு பேரும் துறைமுகத்துக்கு வருகிறார்களாம். என் மகன் கேமராவை இப்போதே துடைத்து வைத்துவிட்டான்.

உங்கள் சம்பந்தி


ஜூன் 18, கப்பலில்

சம்பந்தியம்மா,

மேல்தளத்தில் காற்று வாங்கிவிட்டு நான் வருவதற்குள் நீங்கள் தூங்கிவிட்டீர்கள். விளக்கு எரிகிறது. முதல் மூன்று நாளும் எரியட்டும் என்றீர்கள், எரிந்தது. இன்றைக்கு என்ன என்று நீங்கள் சொல்லவில்லை. எழுப்பிக் கேட்கலாம் என்றால், எழுப்புவதற்கு நான் அனுமதி வாங்கவில்லை. ஆகவே நான் எதையும் தொடவில்லை. முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுக்கப் போகிறேன். இந்தச் சீட்டை உங்கள் மூக்குக்கண்ணாடிக்கு அடியில் வைக்கிறேன். மூக்குக்கண்ணாடியையும் தொட வேண்டியிருக்கிறது, அதற்கு மட்டும் மன்னிக்கவும்.

சம்பந்தி


(சீட்டின் பின்பக்கம்)

சம்பந்தி,

தண்ணீர் குடிக்க எழுந்தேன், சீட்டைப் படித்தேன். துண்டு நழுவிக் கீழே விழுந்துவிட்டது. முகத்தில் வெளிச்சம் அடிக்க, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தூங்குகிறீர்கள். விளக்கை அணைத்துவிட்டேன்.

நீங்கள் சொன்னது சரிதான், கை தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். நெஞ்சு கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டது. இப்போது பரவாயில்லை. உங்கள் குறட்டை கேட்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் படுத்துவிடுவேன்.

இதை இருட்டிலேயே எழுதுகிறேன். வரிகள் கோணலாகத்தான் போகும். அப்படியே விட்டுவிடுங்கள்.